விரல் படாத பக்கங்கள்

எனக்குக் கீரை வடை பிடிக்கும் என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். எனக்கு, என் அம்மாவுக்கு, அப்புறம் அக்காவுக்கு. அந்த மூன்றாவது ஆளுக்குத் தெரியாமலே போயிருக்கலாம்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. உத்திரமேரூரில் நான் படித்த கல்லூரியின் நூலகத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தவள். அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். கடைசி செமஸ்டரில் எல்லோரும் எங்காவது இன்டர்ன்ஷிப் செய்தே தீர வேண்டும் என்றார்கள். வசதியுள்ளவர்கள் சென்னைக்குப் போனார்கள். சாலவாக்கத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்துகொண்டிருந்த எனக்கு வாய்த்தது எங்கள் நூலகத்து டிஜிட்டல் ஆவணக் காப்பகம். கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து வந்த ஆண்டு மலர்களை எல்லாம் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்ற வேண்டும். அதற்குப் பொறுப்பாளர் அவள். அவளுக்குப் பெயர் உண்டு, எனக்கும் தெரியும், எழுத மனமில்லை. அக்கா என்றே இருக்கட்டும்.

முதல் நாள் போய் நின்றதும் அவள் என் ரோல் நம்பரைக் கேட்கவில்லை.

"டீயா, காப்பியா?"

"டீக்கா."

"சக்கர தூக்கலா, கம்மியா?"

"தூக்கலா."

"வடையில இன்னா புடிக்கும்? மெதுவடையா, மசால்வடையா, கீரவடையா?"

"கீரவடை."

"பஸ்ல எந்தப் பக்கம் குந்துவே?"

அதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தால், எப்போதும் இடது ஜன்னலைத்தான் தேடியிருக்கிறேன். காலையில் வரும்போது ஏரி அந்தப் பக்கம் வரும். சொன்னேன். அவள் ஒரு பழைய டைரியில் ஒரு முழுப் பக்கத்தை எனக்கென்று ஒதுக்கி, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். பதினொரு மணிக்குக் கீரை வடை வந்தது. சூடாக, இரண்டு. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அக்கா புராணத்தை அவிழ்த்துவிட்டேன். எனக்கு அப்போது இருபது வயது. இரண்டு வடைக்கு விழுந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள இப்போது வெட்கமாக இருக்கிறது.

அந்த டைரியில் எல்லோருக்கும் பக்கம் இருந்தது. நூலக அட்டெண்டர் அண்ணனுக்குப் பிடித்த ரேடியோ நிகழ்ச்சி எத்தனை மணிக்கு என்று அவளுக்குத் தெரியும்; அந்த நேரத்தில் அவரை எந்த வேலைக்கும் ஏவ மாட்டாள். கல்லூரி முதல்வருக்கு இஞ்சி டீ, சர்க்கரை கூடாது, டம்ளர் கூடாது, கோப்பைதான். அவருக்குப் பச்சை மை பிடிக்கும். அவர் கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் சின்னப் புள்ளி வைத்துக் கொடுத்தால் பிடிக்கும். எல்லாம் டைரியில் இருந்தது.

பேச்சைக்கூட ஆளுக்குப் பிடித்த மாதிரி மாற்றிக்கொள்வாள். என்னோடும் அட்டெண்டர் அண்ணனோடும் பேசும்போது "கீது", "குந்து", "வூடு". முதல்வர் அறையின் கதவைத் தட்டிய நிமிஷத்திலிருந்து "இருக்குங்க சார்", "உட்காருங்க சார்". நான் முதன்முதலில் பார்த்தபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. வெளியே வந்ததும் அவளே கண்ணடித்து, "இன்னா சிரிப்பு? அவருக்கு அதான் புடிக்கும்" என்றாள். அவளுக்குச் சொந்தமான பேச்சு எது என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. அவள் காஞ்சிபுரத்துப் பக்கம் ராஜகுளத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். அப்பா ஒரு கோயிலில் ஏதோ வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் என்று ஒருமுறை சொன்னாள். அவளுக்கு எந்த வடை பிடிக்கும் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒரு தடவை எனக்குக் காய்ச்சல் வந்து நான்கு நாள் போகவில்லை. ஐந்தாம் நாள் எங்கள் காலனித் தெருவில் ஸ்கூட்டிச் சத்தம். எட்டிப் பார்த்தால் அக்கா, கையில் ரொட்டியும் சாத்துக்குடியும். எங்கள் தெருவுக்குள் வந்துபோகிற உத்தியோகக்காரர்கள் வாசலில் நின்றே பேசி முடித்துக்கொள்வார்கள், தண்ணீர் கொடுத்தால் இப்போதுதான் குடித்தேன் என்பார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே வந்து, பாயை அவளே எடுத்து விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மா கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று கேட்டு, கருவாட்டுக் குழம்பென்றதும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டாள். நடிப்பில்லை. எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். இன்றைக்கு அவள்மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் அந்தத் தட்டை என்னால் மறக்க முடியவில்லை. கோபத்துக்கு அதுவே பெரிய இடைஞ்சலாக இருக்கிறது.

சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டே அம்மாவிடம் கேட்டாள். "உங்களுக்கு இன்னா புடிக்கும்மா?"

அம்மா சிரித்தாள். "எனக்கு இன்னா புடிக்கும், எல்லாந்தான்."

"அது செல்லாது. ஒண்ணு சொல்லுங்க."

அம்மா நிறைய நேரம் யோசித்தாள். கழனி வேலைக்குப் போய்வருகிற பொம்பளையிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை என்பது அவள் முழித்த முழியிலேயே தெரிந்தது. என்ன சொல்வாளோ என்று எனக்கே ஆர்வமாக இருந்தது.

"கோகோ" என்றாள் கடைசியில்.

என் அம்மா அதே கல்லூரியில் ஒரு வருஷம் படித்தவள். முழு வருஷம்கூட இல்லை. கோகோ அணியில் இருந்தாள். மாவட்டப் போட்டியில் ஜெயித்து வந்ததும் அணியை உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். படம் எடுத்த அடுத்த மாதம் கல்யாணம். படிப்பு அத்தோடு சரி. ஆண்டு மலரில் அந்தப் படம் வந்ததாம், பெயரோடு. கூடப் படித்தவள் ஒருத்தி பஸ் ஸ்டாண்டில் வைத்து ஒரே ஒரு தடவை காட்டியிருக்கிறாள். அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய படம் வேறு எதுவும் எங்கள் வீட்டில் இல்லை. நான் இந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து தினமும் இதே பல்லவி. "அந்தப் போட்டோ எங்கனா கீதான்னு பாரும்மே. என் பேரு போட்டுகீறாங்க. நான் காலேஜ் படிச்சேன்னு சொன்னா உங்க அப்பா வூட்ல ஒருத்தரும் நம்பல."

நான் அதைக் காய்ச்சலுக்கு முந்தின வாரமே கண்டுபிடித்திருந்தேன். நான்கு வருஷத்து மலர்களை ஒன்றாகச் சேர்த்துத் தைத்த தடிமனான கட்டு ஒன்றில் இருந்தது. பின்னால் ஆறு பெண்கள் நின்றார்கள். நடுவில் நாற்காலிகளில் அப்போதைய முதல்வரும் பேராசிரியர்களும். முன்னால் தரையில் ஆறு பெண்கள். இடமிருந்து மூன்றாவது அம்மா. முட்டியைக் கட்டிக்கொண்டு, எதையோ சொல்ல வாயெடுத்த மாதிரி ஒரு பார்வை. படத்துக்குக் கீழே மூன்று பகுதியாகப் பெயர்கள். நிற்பவர்கள், அமர்ந்திருப்பவர்கள், கடைசியாகத் தரையில் அமர்ந்திருப்பவர்கள். பக்கத்தின் அடியோரத்தை ஒட்டிய கடைசி வரியில் மூன்றாவதாக அம்மாவின் பெயர், தாத்தாவின் முதலெழுத்தோடு.

கையில் மொபைல் இருந்திருந்தால் அப்போதே படம் எடுத்திருப்பேன். ஆனால் வேலை நேரத்தில் எங்கள் மொபைல்களெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விடும். காப்பகம் திறப்பு விழாவுக்கு முன்னால் எந்தப் படமும் வெளியே போகக் கூடாது என்பது முதல்வரின் கட்டளை. அக்காவிடம் டப்பாவைக் கேட்டேன்.

"மொபைல்ல எடுத்தா மங்கலா வரும்டி" என்றாள். "உங்க அம்மா பக்கத்த நானே தனியா பண்றேன், என் கையால. பிரேம் போட்டு மாட்ற மாதிரி சும்மா பளபளன்னு காப்பி தரேன். போதுமா?"

அதைத்தான் எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்து அம்மாவிடமும் சொன்னாள். டைரியில் அம்மாவுக்கென்று ஒரு பக்கம் போட்டு, "கோகோ, போட்டோ" என்று எழுதிக்கொண்டு போனாள்.

இப்போது கட்டைவிரல் விஷயத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது.

தைத்த கட்டுகளை விரித்து வைத்தால் பக்கம் படியாது, எம்பிக்கொண்டே நிற்கும். மேலே காமிரா, கீழே புத்தகம். பக்கத்தின் அடியோரத்தை ஒரு ஆள் விரலால் அழுத்திப் பிடித்தால்தான் நேராக விழும். பிடிப்பது என் வேலை. ஆகவே முதல் வாரத்துப் படங்களில் எல்லாம் ஓரத்தில் என் கட்டைவிரல் இருந்தது. முதல்வர் வந்து திரையில் பார்த்தார்.

"யாரோட விரல் இது? பக்கத்துக்குப் பக்கம் நகம் தெரியுது. கல்வெட்டு இருக்கிற ஊரும்மா இது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே நீட்டா எழுதி வெச்ச ஊர். நாம போடுறது இப்படியா இருக்கணும்? எனக்கு எல்லாப் பக்கமும் ஒரே சைஸ்ல, வெள்ளையா, சுத்தமா இருக்கணும்."

நான் விரலைத் துப்பட்டாவுக்குள் மறைத்தேன். அக்கா பதற்றப்படவில்லை. அன்று மத்தியானமே கணினியில் ஒரு சட்டம் அமைத்தாள். எந்தப் பக்கமாக இருந்தாலும் அடியில் ஒரு கட்டைவிரல் அகலம் தானாக வெட்டுப்பட்டுவிடும். ஒருமுறை அமைத்தால் போதும், மொத்தக் கட்டும் ஒரே அளவில் வந்து விழும். மறுநாள் முதல்வர் பார்த்துவிட்டு "குட்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தால் அவளுடைய ஒப்பந்தம் இன்னும் ஆறு மாதம் நீளும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டி நீட்டி அவளை எட்டு வருஷமாக அங்கே வைத்திருந்தார்கள்.

கட்டுரைப் பக்கங்களில் அடியில் வெற்றிடம் இருந்ததால் எதுவும் கெடவில்லை. குழுப் படங்கள் உள்ள பக்கங்களில்தான் வினை. படத்தைப் பெரிதாகப் போட்டு, பெயர்களை அடியோரம்வரை நெருக்கி அச்சடித்திருந்தார்கள். நின்றவர்களின் பெயர் தப்பியது. நாற்காலிக்காரர்களின் பெயர் தப்பியது. தரையில் உட்கார்ந்தவர்களின் பெயர் வெட்டுப்பட்டது. இரண்டாவது வாரமே நான் அதைக் கவனித்தேன்.

"அக்கா, கடைசி வரி போவுதுக்கா."

பார்த்தாள். புரிந்துகொண்டாள். "அத்தெல்லாம் கடைசில ஒருவாட்டி ஒயுங்கு பண்ணிக்கலாம்."

"சாராண்ட சொல்லிடலாமே?"

"ஐயோ, வேணாம்டி. இப்பத்தான் அவரு குஷியா கீறாரு. போய்ப் பேஜார் பண்ணிக்கினு." பேச்சை மாற்றி, "வடை ஆறிடப் போவுது, துன்னு" என்றாள்.

நான் தின்றேன். ஓர் ஆளுக்குப் பிடிக்காத செய்தியை அந்த ஆளிடம் சொல்வது என்பது அவளால் முடியாத காரியம். அவளைப் பற்றி நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான், மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்தது. திட்டு வாங்குவதற்குக்கூட அவள் அவ்வளவு பயந்து நான் பார்த்ததில்லை. எதிரில் இருக்கிற முகம் சுருங்குவதைத்தான் அவளால் பார்க்க முடியாது.

கல்லூரியைத் தரம் பார்க்கும் குழு வரப்போகிறது என்று தேதி வந்தது. அறையைக் காலி செய்து, கண்ணாடித் தடுப்பு வைத்து, 'டிஜிட்டல் மையம்' என்று பலகை மாட்ட வேண்டும். ஸ்கேன் ஆன கட்டுகள் இனி எதற்கு, கரையான் அரித்தது வேறு, பழைய பேப்பருக்குப் போட்டுவிடலாம் என்று மேலிருந்து உத்தரவு. ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. அட்டெண்டர் அண்ணனும் அக்காவும் நானும் வரிசையாக நின்று கட்டுகளை ஏற்றினோம். அம்மா இருந்த கட்டும் அதில் ஒன்று. முதுகில் ஒட்டியிருந்த ஆண்டைப் பார்த்து எனக்குத் தெரிந்தது. ஒரு நிமிஷம் கையில் வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தேன்.

"உங்க அம்மாது ஆச்சுடி. சூப்பரா வந்துகீது" என்றாள்.

ஏற்றிவிட்டேன். என் கையால்தான் ஏற்றினேன்.

அன்று மத்தியானம் அவள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். திரையில் ஒரு நீளமான பட்டியல். ஒவ்வொரு பக்கத்துக்கும் எதிரே 'சரிபார்த்தவர்' என்று ஒரு கட்டம், காலியாக. குழு வருவதற்குள் நிரப்பியாக வேண்டும். "எல்லாத்துக்கும் உன் பேரயே போட்டுக்கோ" என்றாள். "இணையத்துல காலத்துக்கும் நிக்கும். வேலைக்குப் போற எடத்துல காட்டலாம். எனக்கு எதுக்கு, நான் இங்கியே குந்தினு கீறவ." எனக்குப் பெயர் பிடிக்கும் என்பதை நான் அவளிடம் சொன்னதே இல்லை. எப்படியோ தெரிந்துவைத்திருந்தாள். ஒரே ஒரு முறை தட்டி, எல்லாக் கட்டங்களிலும் என் பெயரை நிரப்பினேன். ஒரு பக்கத்தைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. பக்கத்தில் இரண்டு வடை இருந்தது.

திறப்பு விழா முடிந்த மறுநாள் அம்மாவின் பக்கத்தைத் தேடித் திறந்தேன். அம்மாவின் முகம் அருமையாக வந்திருந்தது. அக்கா சொன்னபடி பளபளவென்றுதான் இருந்தது. கீழே பெயர்கள். நின்றவர்கள் ஆறு பேர். நாற்காலியில் ஐந்து பேர். அதற்கும் கீழே 'தரையில் அமர்ந்திருப்போர், இடமிருந்து வலம்' என்று ஒரு வரி. அதோடு பக்கம் முடிந்துவிட்டது.

ஓடிப்போய் அக்காவைப் பிடித்தேன்.

"பெருசாத்தான்டி பண்ணேன், சத்தியமா" என்றாள். "பேரு மொத்தமும் வர்ற மாதிரி. அந்த ஒரு பக்கம் மட்டும் கூட நீளமா தெரிஞ்சிச்சு. சார் பாத்துட்டு, இன்னாம்மா இது, இது மட்டும் வால் மாதிரி தொங்குதுன்னாரு. மறுபடியும் வெட்டிட்டேன்."

"நீளமா பண்ண காப்பி?"

"அது மேலயே வெட்டி சேவ் பண்ணிட்டேன்."

"வண்டியில ஏத்தும்போதே சொல்லியிருக்கலாமேக்கா. கையில வெச்சுக்கினுதானே இருந்தேன்."

அவள் கண் கலங்கிவிட்டது. "நீ எவ்ளோ ஆசயா இருந்தே. எப்பிடிடி சொல்றது?" என்றாள். பிறகு, என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "மூஞ்சி தெளிவாத்தான கீது. பேரு நமக்குத் தெரியும்தான?" என்றாள்.

நான் காஞ்சிபுரத்துப் பழைய பேப்பர் கடைகளில் இரண்டு நாள் அலைந்தேன். அந்த வண்டி எந்தக் கடைக்குப் போனதென்று அட்டெண்டர் அண்ணனுக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் பயனில்லை, அன்றைக்கே ஆலைக்கு ஏற்றிவிடுவார்களாம்.

அதன்பிறகு நான் அக்காவோடு சரியாகப் பேசவில்லை. கடைசி நாளன்றும் கீரை வடை வாங்கி வைத்திருந்தாள். நான் அதைத் தொடாமல் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். அவள் முகம் சுருங்கியது. அதை ஒரு முறையாவது அவளுக்குக் காட்டிவிட்டோம் என்று பஸ் ஏறும்வரை எனக்கு ஒரு திருப்தி இருந்தது. ஏறி உட்கார்ந்ததும் அதுவும் போய்விட்டது. கட்டை ஏற்றியது நான், பெயரைப் போட்டது நான், அந்த அளவே என் விரலின் அளவு.

இன்றும் என் பிறந்தநாளுக்கு அவளிடமிருந்து குறுஞ்செய்தி வரும். 'சக்கர தூக்கலா ஒரு டீ குடிச்சிடு' என்று எழுதியிருப்பாள். நான் பதில் போடுவதில்லை. இப்போதும் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறாளாம்.

அம்மாவிடம் பல மாதம் மறைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே பிடிவாதமாகக் கேட்டதால் மொபைலில் அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். அம்மா கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"ஐய, எவ்ளோ ஒல்லியா கீறேன் பாரு."

கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராக எனக்குக் காட்டினாள். பிறகு கீழே நகர்த்தி, எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். நின்றவர்களைப் படித்தாள். நாற்காலியில் இருந்தவர்களைப் படித்தாள். 'தரையில் அமர்ந்திருப்போர், இடமிருந்து வலம்' என்பதையும் படித்தாள். விரலால் இன்னும் கீழே தள்ளினாள். மேலே வந்து மறுபடியும் தள்ளினாள்.

"பேரு எங்க கீது?"

நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் படத்துக்கு அடியில் இருந்த விவரக் கட்டத்துக்குப் போய்விட்டாள். அங்கே பெரிய எழுத்தில் 'சரிபார்த்தவர்' என்று போட்டு, என் பெயர்.

"தோ!" என்றாள். "உன் பேரு கீதே! நீதான் பாத்து சரின்னு சொன்னியா? எவ்ளோ பெருசா போட்டுகீறாங்க பாரு." அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. அப்பா வீட்டு ஆட்கள் எல்லோருக்கும் இதை அனுப்ப வேண்டும், உடனே படம் எடுத்துக் கொடு என்றாள்.

எடுக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மேல கீற போட்டோ வேணாம், அத்த வெட்டிடு. பேரு இல்லாத மூஞ்சிய அனுப்பி இன்னா பண்றது? உன் பேரு மட்டும் வர்ற மாதிரி எடு."

வெட்டிக் கொடுத்தேன்.